இடத்தைச் சொல்லாத கைப்பேசி

1

இங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததும் முதலில் நம் கையில் திணிப்பது ஒரு படிவம். உங்கள் பிள்ளையின் முகம் வகுப்புப் புகைப்படத்தில் வரலாமா, அந்தப் படத்தைப் பள்ளியின் இணையதளத்தில் போடலாமா, பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். இதற்கு ‘டாட்டன்ஷுட்ஸ்’ என்று பெயர். நம்மைப் பற்றிய விவரம் நம் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது என்கிற ஏற்பாடு. பல் மருத்துவர், நூலகம், நீச்சல் வகுப்பு என்று எங்கே போனாலும் இந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் படித்துப் பார்க்காமலேயே எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ போட்டுக் கையெழுத்திட்டு வந்தேன். ஆதார் நகலைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு கேட்டவருக்கெல்லாம் கொடுத்துப் பழகிய கை அது.

என் மகள் ரியா வளர்ந்ததும் அந்தப் படிவத்தை என்னிடமிருந்து பிடுங்கி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டாள். அந்த ஆண்டு வகுப்புப் படத்தில் அவள் இல்லை. பெருமையாக அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் நானே அதைக் கவனித்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து உடனே அழைப்பு வந்தது.

“ஏன்டா, எல்லாப் புள்ளயும் நிக்குது, நம்ம புள்ளயக் காணோம்? பள்ளிக்கூடம் போவுதா இல்லியா அது?”

அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் முகங்களை நான் கடல் தாண்டி அனுப்பிவைத்ததற்காக ரியாவிடமும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படி ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, தினமும் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, என் தங்கை எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பது. கைப்பேசி வரைபடத்தில் அவள் ஒரு நீலப் புள்ளி. நான் எழும்போது அங்கே முற்பகல் ஆகியிருக்கும். முதல் ஷிஃப்ட் என்றால் புள்ளி ஓசூர் சிப்காட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் பாகலூர் சாலை விடுதியில் இருக்க வேண்டும். இருந்தால் போய்ப் பல் துலக்குவேன். இல்லாவிட்டால் அவளை அழைப்பேன். ஒருமுறை புள்ளி ராயக்கோட்டை சாலையில் நகராமல் நின்றது. வேலைக்குக் கிளம்பாமல் நின்ற இடத்திலேயே அவளை மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்தாள். பிரியாணிக் கடையில் கூட்டமாம்.

2

தங்கையின் பெயர் ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. கணவனை விட்டு வந்துவிட்டவள்.

அவன் அடிப்பான். அடித்த மறுநாள் தேவாலயத்தில் பங்குச் சாமியார் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவான். அவன் அழுகையைப் பார்த்தவர்கள் ஜெசியின் முதுகைப் பார்க்கவில்லை. ஒரு நாள் கட்டிய துணியோடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். விடுதியில் தங்கி வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் இடம் தெரியாது. ஆனாலும் ஒரு மாலை அவன் அந்த விடுதி வாசலில் வந்து நின்றான். முடியைப் பிடித்து அவளை நடுத்தெருவுக்கு இழுத்துப் போனான். ‘என் பொண்டாட்டி’ என்று அவன் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒரு பழக்கடைக்காரப் பெண் மட்டும் எடைக்கல்லை ஓங்கிக்கொண்டு வந்ததால் ஜெசி தப்பித்தாள். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். விவாகரத்து வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று எங்களுக்கு வெகுநாள் புரியவில்லை. ரியாதான் கேட்டாள்: “அத்தை போனை யார் வாங்கினது?” அவன்தான் வாங்கிக் கொடுத்தான். பிறந்தநாள் பரிசு. அவனுடைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் போட்டு அவனே திறந்து, கவர் மாட்டி, கையில் கொடுத்திருந்தான். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் நம் வீடுகளில் இது நடக்காத இடம் உண்டா? அவள் கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் இட்லி வாங்கினாள் என்பதுகூட அவன் கைக்குள் வந்து விழுந்திருக்கிறது.

அந்தக் கைப்பேசியை உடைத்துப் போட்டுவிட்டு ஓசூருக்கு வந்தாள். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல ஊர் கிடையாது என்று நாங்கள் நினைத்தோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று எல்லாம் பேசுகிற கூட்டம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்களிலிருந்து ஒரே மாதிரிச் சட்டை போட்ட பெண்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒருத்தியை யார் கண்டுபிடிப்பது? உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். விடுதியில் சேரும்போது பாதுகாவலர் எண் கேட்டார்கள். கணவன் அல்லது தகப்பன். அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. என் எண்ணைக் கொடுத்தாள். “இது என்னாங்க இவ்ளோ நீளமா இருக்குது? லோக்கல் நம்பரா குடுங்க” என்றாராம் வார்டன்.

3

ஜெசியிடம் இருந்தது பழைய கைப்பேசி. கடையில் யாரோ விற்றுவிட்டுப் போனது. அதன் உள்ளே என்ன இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். சந்தேகப்பட ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்துகிறவன் இல்லை. அப்போதுதான் இங்கே தொழிற்சாலை நண்பர் ஒருவர் வேறு வகைக் கைப்பேசி ஒன்றைப் பற்றிச் சொன்னார். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் எதுவும் அதில் கிடையாது. நாம் அனுமதி கொடுக்காமல் எந்தச் செயலியும் இடத்தையோ தொடர்புகளையோ எட்டிப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் ஒரு பொத்தான். அதைத் தள்ளினால் மைக்கும் கேமராவும் செத்துவிடும். விலையைச் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டதும் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ரியாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கணவன் மனைவியைக் கண்டுபிடிக்காதபடி ஒரு கைப்பேசி வேண்டும் என்று ஜெர்மனில் கேட்க வேண்டும். அந்த மொழியில் ‘இல்லை’ பல நேரம் வாக்கியத்தின் கடைசிப் பக்கமாகத்தான் வரும். நம் மொழியிலும் அப்படித்தானே என்று தைரியமாக ஆரம்பித்தேன். பாதி தூரம் போய் மூச்சு வாங்கி, அந்த ‘இல்லை’யை விட்டுவிட்டேன். மனைவியைக் கணவன் கண்டுபிடிக்கிற கைப்பேசி கேட்கிறான் என்று நினைத்த கடைக்காரர் முகம் சிவந்து, என்னை வெளியே போகச் சொல்லும் தறுவாயில் இருந்தார். ரியா குறுக்கே புகுந்து விளக்கினாள். அவர் மன்னிப்புக் கேட்டு, அந்த வகை இணையத்தில்தான் கிடைக்கும் என்றார். எனக்கோ ஒரு நிமிடம் அவரைக் கும்பிடத் தோன்றியது. கோயம்புத்தூர்த் தெருவில் இப்படிச் சிவந்த முகம் ஒன்றுகூட இல்லையே.

அன்றைக்கே ஜெசியிடம் சொன்னேன். அவள் கேள்விகள் வேறாக இருந்தன.

“அண்ணா, அதுல ஸ்கேன் பண்ணி காசு அனுப்பறது ஓடுமா?”

“சில பேங்க் ஆப் ஓடாதாம்.”

“அப்பறம் எப்படி? இங்க டீக்கடையில ஆரம்பிச்சு ஷேர் ஆட்டோ வரைக்கும் ஸ்கேன்தான். சில்லறய நீட்டுனா மொறைக்கறாங்க. கம்பெனி ஆப் ஓடுமா? லீவு அதுலதான் போடணும். பஸ் எங்க வருதுன்னு குரூப்புலதான் போடுவாங்க.”

“பாத்துக்கலாம்.”

“அதும் இல்லாம, நான் அத கையில வெச்சிருக்கறதே பாதி நாளுதான். கேட்டுல லாக்கர்ல வெச்சுட்டுத்தான் உள்ள விடறாங்க.”

எனக்கு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வாங்கி அனுப்பிவிட்டால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும் என்று பட்டது. ஊருக்கு வெளியே இருக்கிறவன் பயத்துக்கு வேறு என்ன மருந்து இருக்கிறது? கூடப் போய் நிற்க முடியாது. பணம் அனுப்பலாம், பொருள் அனுப்பலாம்.

ரியா மட்டும் ஒன்று கேட்டாள். அவள் தமிழ் எண்ணி எண்ணி வரும். “அந்த போன்ல உங்களுக்கும் புள்ளி தெரியாது அப்பா. அது பரவாயில்லையா?”

அவள் படுக்கப் போனபிறகு, எனக்கு மட்டும் இடம் தெரிகிற மாதிரி அதில் ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. மறுநாள் அதைச் சொன்னபோது ரியா சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. பதினாறாவது பிறந்தநாள் அன்றே தன்னுடைய புள்ளியை என் வரைபடத்திலிருந்து அணைத்துவிட்டவள் அவள். “அத்தையும் நானும் உங்களுக்கு ஒண்ணுதான்” என்றாள். பாராட்டா திட்டா என்று அப்போது விளங்கவில்லை.

4

கொரோனா காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டதால் அது இன்னும் ஓடுகிறது. ஊரின் ஞாயிறு மாலைப் பூசை எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். பக்கத்தில் கருத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். துபாய், சிங்கப்பூர், குவைத் என்று எங்கெங்கோ இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் ‘ஆமென்’ என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் பூசையைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் யார் புதுப் புடவை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நான் இரண்டையும் பார்ப்பேன்.

அன்றைக்கும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடிக்கணினி. அதில் அந்தக் கைப்பேசியை வாங்குகிற பக்கம் திறந்திருந்தது. பூசை முடிந்ததும் பொத்தானை அழுத்திவிடுவது என்று முடிவு.

பூசை தொடங்கும் முன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் அன்றைய கருத்துகளைப் படிப்பார். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பூசையை இன்ன காரணத்துக்காக, இன்னாருக்காக என்று காணிக்கை கொடுத்து ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். இறந்தவர் ஆன்ம சாந்தி, பிள்ளையின் பரீட்சை, வீடு கிரகப்பிரவேசம், எதுவானாலும். எங்கள் ஊரில் அதை விவரமாக எழுதிக்கொடுத்தால்தான் திருப்தி. மகன் எந்தக் கம்பெனி, மருமகள் எந்த ஊர் என்பதெல்லாம் மைக்கில் வந்தால்தான் பூசை பலித்த மாதிரி.

உபதேசியார் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து, பாகலூர் சாலையில் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கும் ஜெசிந்தா, விரோதிகளின் கண்ணில் படாதபடி புனித அந்தோணியார் காத்தருள வேண்டி, தாயார் ஒப்புக்கொடுக்கும் கருத்து.”

கருத்துகள் ஓடத் தொடங்கின. ஆமென். ஆமென். துபாயிலிருந்து ஒரு ஆமென். அதற்குக் கீழே குவைத்திலிருந்து ஒரு ஆமென், கூப்பிய கைகளோடு. பெயரைப் பார்த்தேன். ஜெசியின் கணவனுடைய சொந்தத் தம்பி.

5

அம்மா கோயிலுக்குள் போனால் கைப்பேசியை அணைத்துவிடுவாள். பூசை முடிந்து அவள் எடுக்கும்வரை நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். எடுத்ததும் கத்தினேன்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? எந்த ரோடுன்னு மைக்குல சொல்லுவாங்களா?”

“அந்தோணியாருக்கு எந்த எடம்னு சொல்லாம அவுரு எப்படிடா காப்பாத்துவாரு?” அம்மா நிஜமாகவே கேட்டாள். “ஓசூர்ல எத்தன ஜெசிந்தா இருக்குதோ.”

“அவன் தம்பி கேட்டுட்டாம்மா.”

“நான் சாமிகிட்டதானடா சொன்னேன்” என்றாள். அவளைத் திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மகளைக் காப்பாற்ற அவள் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் மடிக்கணினியில் செய்யப் பார்த்ததும் அதைத்தான்.

சாமியாரிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். அவர் பதறிப்போய்ப் பதிவை நீக்கிவிட்டார். ஆனால் கேட்டது கேட்டதுதானே.

ஜெசிக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். கைப்பேசி லாக்கரில். அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வரைபடத்தைத் திறந்தேன். நீலப் புள்ளி சிப்காட்டில் அசையாமல் இருந்தது. இத்தனை நாள் நான் ஜெசி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு தகர லாக்கரை. அவள் எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள், எதைச் சாப்பிட்டாள், பயந்துபோய் இருக்கிறாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

விடுதி வார்டனை அழைத்தேன். இரண்டாவது முறை எடுத்தார்.

“ஜெசிந்தா அண்ணன் பேசறேங்க. யாராவது தேடிட்டு வந்தாங்களா?”

“இப்பதாங்க ஒருத்தரு வந்துட்டுப் போனாரு. வீட்டுக்காரர்னாரு. நல்ல மாதிரியா பேசுனாரு. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வரும், எதுத்தாப்புல பேக்கரிகிட்ட எறங்கும்னு சொன்னேன். தப்புங்களா?”

அவன் இருக்கிற கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பைக்கில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அவன் அதைவிடச் சீக்கிரமாக வந்திருக்கிறான். என் வீட்டிலிருந்து ஓசூருக்குப் போக ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். தொழிற்சாலையின் பொது எண்ணை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று இயந்திரக் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. ஓசூர் காவல் நிலையத்துக்கு அழைத்தேன். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜெசிக்கு விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். ரியா வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைப்பேசியிலிருந்தும் அழைக்கத் தொடங்கினாள்.

ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் ஜெசி எங்களை அழைத்தாள். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. சுற்றிலும் பஸ்கள் உறுமுகிற சத்தம்.

“சரி. நான் அந்த பஸ்ல ஏறல” என்றாள்.

“வேற எங்க போவ?”

“கூட வேல செய்யற அக்கா வீட்டுக்கு. வேற ரூட் பஸ்.”

“எந்த ரூட்டு? அந்தக்கா பேரு என்ன? நம்பர் குடு.”

“சொல்லமாட்டேன் அண்ணா.”

“ஜெசி!”

“உங்கிட்ட சொன்னா நீ அம்மாகிட்ட சொல்லுவ. அம்மா அந்தோணியார்கிட்ட சொல்லும்.” சிரிக்கப் பார்த்தாள், குரல் உடைந்தது. “கோவிச்சுக்காத. அவனும் எங்க இருக்கன்னுதான் கேப்பான். நீயும் காலயில எந்திரிச்சதும் அதேதான் கேக்கற. அவன் அடிக்கறதுக்குக் கேக்கறான், நீ அக்கறையில கேக்கற. எனக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இப்ப ஆஃப் பண்றேன்.”

வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்தில் சிப்காட்டின் சாலைகள் மட்டும் இருந்தன. ரியா என் தோளில் கை வைத்தாள். நாலைந்து வருடங்களில் அவள் தானாக என்னைத் தொட்டது அப்போதுதான்.

6

அந்தக் கைப்பேசியை வாங்கலாமா என்று ஊரிலிருந்து உங்களில் சிலர் என்னைக் கேட்டிருந்தீர்கள். நல்ல பொருள். சொன்னதைச் செய்யும். உங்களைத் துருவுகிறது விளம்பரக் கம்பெனி என்றால், காசு இருந்தால் வாங்குங்கள். உங்களைத் தேடுகிறவன் உங்கள் கல்யாண ஆல்பத்தில் நடுவில் நிற்கிறவன் என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் பழைய கணக்குகளை மூடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு உங்களை நேசிக்கிறவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். அதுதான் ஆகக் கடினம். எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

நான் வாங்கவில்லை. ஜெசி வேண்டாம் என்றுவிட்டாள். டீக்கடையில் காசு போகாத கைப்பேசியை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். புது எண் வாங்கியிருக்கிறாள். அவன் அன்றிரவு பேக்கரிக்கு எதிரே வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான் என்று வார்டன் பிறகு சொன்னார். போலீஸ் வண்டியும் வந்ததாம், அவன் போனபிறகு. ஜெசி அந்த விடுதியையும் அந்த வேலையையும் விட்டுவிட்டாள். இதில் வருகிற சாலையும் கம்பெனியும் அவள் விட்டுப் போனவை, பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை அனுப்புகிறேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தமிழ்நாடா, கர்நாடகமா, இன்னும் ஓசூரிலேயே வேறு மூலையா, தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிக் காட்ட எனக்கு வரவில்லை. காலையில் எழுந்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அவளுக்குத் தோன்றும்போது அழைக்கிறாள். போன வாரம் அழைத்தாள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். சாப்பாடு பரவாயில்லை என்றாள், புது இடத்தில் சூப்பர்வைசர் சிடுமூஞ்சி என்றாள். பழைய ஜெசியின் குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அப்போது பின்னால் நடத்துனரின் குரல் கேட்டது. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். எந்த மொழியில் என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கச் சாலைகளில் எல்லாம் சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போனவன் நான். முதல் எழுத்து காதில் விழுந்தால் போதும், ஊர் வந்துவிடும்.

கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? காதை அழுத்திவைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம். நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். இங்கே பனி, முட்டை விலை, ரியாவுக்குக் கணக்கில் வந்த மதிப்பெண் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்த ரியா காதைப் பொத்திக்கொண்டு, “ஏன் அப்பா இப்படிக் கத்தறீங்க?” என்றாள்.

பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பும்வரை நான் நிறுத்தவில்லை.